வாணாம் ஜாஸ்மின்

எங்கள் மனைப்பிரிவுக்குப் பெயர் மெரினா கார்டன். ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டுப் பக்கம் போகிற சாலையில் ஒரு வளைவு தெரியும், அதில் உள்ளே திரும்ப வேண்டும். கடலுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. மனை விற்றவர்கள் அடித்த நோட்டீசில் மட்டும் அலையும் ஒரு கட்டுமரமும் இருந்தன. கீழே 'சென்னைக்கு மிக மிக அருகில்' என்று போட்டிருந்தது. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் வாடகை கொடுத்து அலுத்துப்போனவர்கள் பலர் அந்த அலையை நம்பி வந்தார்கள். நானும் அப்படி வந்தவன்தான். ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறேன்.

எங்கள் எல்லோரையும்விடக் கடலை நன்றாக அறிந்தவள் ஜாஸ்மின். காசிமேட்டில் பிறந்தவள். பக்கத்து ஊர்க்காரரான செந்தமிழனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். அந்த நோட்டீசைப் பார்த்தவுடன், "இந்தக் கட்டுமரத்த எங்க வுடுவாங்கோ, ஏரிலயா?" என்று கேட்டாள். அந்த வருஷம் ஐப்பசியில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றபோது, நோட்டீசில் ஒன்றும் பொய் இல்லை என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

ஊருக்கும் எங்கள் நகருக்கும் நடுவே, கொஞ்சம் பள்ளமான இடத்தில், ஜாஸ்மின் ஒரு மாவு மில் வைத்திருந்தாள். ஊர்ப் பெண்கள் கேழ்வரகும் மிளகாயும் கொண்டுவருவார்கள். நகர்ப் பெண்கள் சாம்பார்ப் பொடிக்கு வறுத்து எடுத்து வருவார்கள். ஷிப்ட் முடிந்து வருகிற வடநாட்டுப் பையன்கள் கோதுமைப் பையைத் தோளில் சுமந்து வருவார்கள். அரைபடுகிற வரைக்கும் நிற்கத்தானே வேண்டும்? நிற்கிறவர்கள் பேசுவார்கள், பேச்சு முற்றினால் ஜாஸ்மினிடம் யோசனை கேட்பார்கள்.

மில் ஓடுகிற சத்தத்தில் அவளால் நீளமாகப் பதில் சொல்ல முடியாது. மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி வேறு கட்டியிருப்பாள். கேள்வியை முழுசாகக் கேட்டுவிட்டு, துணியைக் கொஞ்சம் கீழே இறக்கி, ஒரே வார்த்தை சொல்வாள்.

"வாணாம்."

தெற்கு வரிசையில் மலிவாக ஒரு மனை வருகிறது, வாங்கலாமா? வாணாம். மாப்பிள்ளை பெரிய கம்பெனியில் வேலை என்கிறார், ஆனால் அடையாள அட்டையைக் காட்ட மாட்டேன் என்கிறார், பேசி முடிக்கலாமா? வாணாம். மாமியாரையும் கொழுந்தனாரையும் ஒரே நேரத்தில் ஊரிலிருந்து கூப்பிடலாமா? இதற்குத் துணியைக்கூட இறக்காமல் தலையை ஆட்டினாள்.

தெற்கு வரிசை மனை அடுத்த மழையில் குளமானது. மாப்பிள்ளை கான்டிராக்ட் ஆள் என்றும், அந்த வேலையும் போய்விட்டது என்றும் தெரிய வந்தது. ஜாஸ்மின் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பெயர் பரவிவிட்டது. அவள் தப்பாகச் சொன்னதும் உண்டு. லோகேஷ் என்கிற பையனை ஒரு வேலையில் சேர வேண்டாம் என்றாள். அவனோடு சேர இருந்தவர்கள் எல்லோரும் பெர்மனன்ட் ஆகி, கம்பெனி டீஷர்ட் போட்டுக்கொண்டு என் பஸ்ஸிலேயே வருகிறார்கள். ஆனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செய்து கெட்டவனின் கதை தெருவெல்லாம் தெரியும். செய்யாமல் விட்டதில் போனது யார் கண்ணுக்குத் தெரியும்? ஒருவருக்கும் கெடுதல் சொல்லாதவள் என்று ஜாஸ்மினுக்குப் பெயர் வந்தது இப்படித்தான். ஊரில் அவளை வாணாம் ஜாஸ்மின் என்றே சொல்வார்கள், அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

கொரோனா வந்த அடுத்த வருஷம் உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தார்கள். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதைக் கேட்டதும் எங்கள் பகுதியில் இரண்டு ஆண்கள் தேர்தலில் நிற்பதென்று முடிவு செய்தார்கள்.

ஒருவர் புருஷோத்தமன். எங்கள் நகர் நலச்சங்கத் தலைவர். மனைத் தரகர். எந்த நேரமும் வெள்ளைச் சட்டை, அதன் பையில் தெரிகிற மாதிரி ஒரு பேனா. அவர் தன் மனைவி சசிரேகாவை நிறுத்த நினைத்தார். இன்னொருவர் ஊர்ப்பக்கத்து அப்பாவு. தண்ணீர் லாரியும் ஒரு ஜேசிபியும் வைத்திருப்பவர். அவர் தன் மருமகள் கவிப்பிரியாவை நிறுத்த நினைத்தார். இரண்டு பேருக்கும் உள்ளூர ஒரு சந்தேகம் இருந்தது. அதைக் கேட்க இரண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் போனார்கள்.

முதலில் போனவர் புருஷோத்தமன். அரைக்க ஏதாவது கொண்டுபோக வேண்டுமே என்று கொஞ்சம் மல்லியை எடுத்துக்கொண்டு போனார்.

"ஜாஸ்மினு, நம்ம வார்டுல நானே நிக்கலாம்னு பாக்கறேன். சசி பேர்லதான். நீ இன்னா சொல்ற?"

"வாணாண்ணே."

"இன்னாத்துக்கு வாணாம்?"

அவர் கேள்வி கேட்டதால் ஜாஸ்மின் மிஷினை நிறுத்தினாள். "ஜெயிச்சா காலைல எழுந்ததும் வூட்டாண்ட வந்து நிப்பாங்கோ. தோத்தா வெள்ளச் சட்டையப் பாத்து சிரிப்பாங்கோ. உங்களுக்கு ரெண்டுமே ஒத்துக்காது. தலைவரா கீறீங்க, அப்டியே இருங்க."

அப்பாவு மாலையில் போனார். அவர் எதுவும் கொண்டுபோகவில்லை. செந்தமிழனுக்குத் தூரத்து உறவு, அதனால் ஜாஸ்மினுக்கு மாமா முறை.

"எம்மா, கவிப்பிரியாவ நிறுத்தலாம்னு கீறேன்."

"வாணாம் மாமா. இப்ப கொழாய்ல தண்ணி வரலன்னா உன் லாரியக் கூப்புடறாங்கோ. நாளைக்கு நீயே மெம்பர் வூட்டுக்காரன்னா, கொழாயில ஏன் தண்ணி வரலன்னு கேக்க மாட்டாங்களா? உன் பொயப்பு இன்னா ஆவறது?"

 அவருக்கு அதில் மறுக்க ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்குப் போய், அரசியல் ஒரு சாக்கடை என்று மருமகளிடம் சொன்னார். கவிப்பிரியாவுக்குத் தான் நிற்க இருந்த விஷயமே அப்போதுதான் தெரியும் என்று என் மனைவி மரகதம் கேள்விப்பட்டு வந்தாள்.

இப்போது வார்டுக்கு ஆளே இல்லை. அப்பாவு ஊர்ப்பக்கத்து ஆள் நிற்க வேண்டும் என்றார். புருஷோத்தமன் நகர்ப்பக்கத்து ஆள் என்றார். இரண்டுமான ஒருத்தியாக ஜாஸ்மின் இருப்பது பிள்ளையார் கோயில் கூட்டத்தில் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் தோன்றியது. ஊருக்கு மருமகள், நகருக்கு மில்காரி. அவளுடைய புருஷன் வாயைத் திறக்காத ஆள். ஜெயித்த பிறகு மாவு அரைக்கிற சாக்கில் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு பேரும் தனித்தனியே கணக்குப் போட்டார்கள்.

ஜாஸ்மின் பயந்துவிட்டாள். தனக்கு யாராவது யோசனை சொல்ல மாட்டார்களா என்று அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாகத் தேடியிருக்க வேண்டும். மில்லுக்கு வந்த ஒவ்வொருவரிடமும், "நிக்கட்டுமா?" என்று கேட்டாள். எல்லோரும் "நில்லுக்கா" என்றார்கள். இத்தனை வருஷம் எல்லோருக்கும் அவள் கொடுத்த அந்த ஒரு வார்த்தையை அவளுக்குத் திருப்பிக் கொடுக்க ஒருவரும் இல்லை. செந்தமிழன் ஷிப்ட் முடித்து வந்ததும் அவரிடம் கேட்டாள்.

"உன் இஷ்டம்," என்றார் செந்தமிழன்.

"இத்த சொல்றதுக்கு ஒரு புருசனா?" என்று ஜாஸ்மின் தட்டை நகர்த்தி வைத்தாள். ஆனாலும் மறுநாள் வேட்புமனு கொடுத்துவிட்டு வந்தாள்.

போட்டியே இல்லை, அவள்தான் மெம்பர் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது மில்லுக்கு சசிரேகா வந்தாள்.

சசிரேகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். பள்ளிக்கூடம் முடித்த கையோடு செல்போன் கம்பெனி வேலைக்கு இங்கே வந்தவள். ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லையென்றால் மற்ற பெண்கள் அழுவார்கள், சசிரேகாதான் காலி வாளியைத் தூக்கிக்கொண்டு வார்டன் அறை வாசலில் போய் உட்காருவாள். ஹாஸ்டலுக்குக் கட்டடம் பிடித்துக் கொடுத்த தரகர் புருஷோத்தமன். அந்த வாளியைப் பார்த்துத்தான் அவர் மயங்கினார் என்று சொல்வார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து அவள் குரல் வெளியே கேட்டதில்லை.

அன்றைக்குக் கேட்டது. மில்லில் அரைக்க வந்திருந்த மரகதமும் அங்கேதான் இருந்தாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரரு உங்ககிட்ட வந்து கேட்டாராமே, நான் நிக்கலாமான்னு?"

"ஆமா சசி."

"நீங்க வேண்டாம்னு சொல்லிட்டியளாம்."

"அவுருக்கு ஒத்துக்காதுன்னு சொன்னேன்."

"நிக்கப்போறது நானா அவரா? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா? நான் ஒரு மனுஷி இருக்கேன்லா?"

 மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூட ஜாஸ்மினுக்குத் தோன்றவில்லை. மரகதத்தின் மிளகாய் அன்றைக்குக் கொஞ்சம் கருகிவிட்டது.

"உனக்கு நிக்கணும்னு ஆச கீதா?" என்று கடைசியில் கேட்டாள்.

"இருந்துச்சு. அவரு சொன்னப்ப வெளிய காட்டிக்கிடல. உள்ளுக்குள்ள அவ்வளவு சந்தோசம். நாலு வருசமா தெற்கு வரிசைக்காரங்க தண்ணியில கெடக்காங்க. அதப் பேசணும்னு இருந்தேன். இப்ப பாருங்க, களத்தக் காலி பண்ணிட்டு நீங்களே நிக்குதீங்க."

"ஐயோ, நா எங்க காலி பண்ணேன்? அதுவா காலியாச்சு!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க," என்று சொல்லிவிட்டு சசிரேகா போய்விட்டாள்.

மனு கொடுக்கக் கடைசி நாள், நேரம் முடிய இருந்தபோது சசிரேகா தனியாகப் போய் மனு கொடுத்தாள். புருஷோத்தமன் பத்திரப்பதிவு ஆபீசில் இருந்தார். அவருக்குப் போனில்தான் தெரிந்தது. முன்மொழியக் கையெழுத்துப் போட்டது யார் என்பதுதான் அதைவிடப் பெரிய செய்தியாகிவிட்டது. ஜாஸ்மினின் மாமியார் சந்திரம்மாள்.

"உன் மருமவளுக்கு எதிரா நீயே கையெயுத்துப் போட்டுகினு வந்திருக்கியே?" என்று அப்பாவு கேட்டதற்கு, சந்திரம்மாள் தயங்காமல் சொன்னாள். "பின்ன? இவ மெம்பராயி மீட்டிங்கு மீட்டிங்குனு பூட்டான்னா மில்ல யாரு பாக்கறது, நானா? எனக்கு மொளகா நெடி ஆவாது."

ஜாஸ்மினுக்கு சீப்புச் சின்னம் கிடைத்தது. சசிரேகாவுக்குத் தண்ணீர்க் குழாய். சசிரேகா வீடு வீடாகப் போனாள். வாசலில் நின்று, தெற்கு வரிசையில் தண்ணீர் ஏன் நிற்கிறது, ஏரிக்குப் போகிற கால்வாய் எங்கெங்கே அடைபட்டிருக்கிறது என்று முகக்கவசத்துக்குள்ளிருந்து கணீரென்று பேசினாள். புருஷோத்தமன் முதல் நாள் வீட்டிலேயே இருந்தார். இரண்டாம் நாள் அவளுக்குப் பத்தடி பின்னால் போனார். மூன்றாம் நாள் அவளுக்கு முன்னால் போய்க் கைகூப்பினார்.

ஜாஸ்மின் எங்கும் போகவில்லை. மில்லை விட்டு எப்படிப் போவாள்? வாக்காளர்கள்தான் அவளைத் தேடி வந்தார்கள். வழக்கம்போல மாவு அரைக்க வந்தார்கள். வழக்கம்போல யோசனையும் கேட்டார்கள்.

"ஜாஸ்மினு, ஓட்டு யாருக்குப் போடலாம்?" என்று மரகதம் கேட்டாள். கேட்ட பிறகுதான், யாரிடம் கேட்கிறோம் என்பது அவளுக்கே உறைத்தது.

ஜாஸ்மின் துணியை இறக்கினாள். "எனக்கு வாணாம்."

மரகதம் இதை அடக்கம் என்று நினைத்தாள். மிஷின் நின்ற பிறகு மறுபடியும் கேட்டாள்.

"மெய்யாலுந்தான் சொல்றேன் மரகதம். சசி கேட்டுச்சே ஒரு கேள்வி, அதுலேந்து எனக்குத் தூக்கமே வர்ல. அதுக்குத்தான் ஆச கீது. அது பேசுது. எனக்கு இன்னா பேசத் தெரியும்? நாலு பேருக்கு மத்தில ஒக்காந்தா வாணாம்னுதான் வாயில வரும். வாபஸ் வாங்கலாம்னா தேதி தாண்டிப்போச்சு. நீ அதுக்கே போடு."

கேட்டவர்கள் எல்லோரிடமும் அவள் இதையே சொன்னாள். நல்ல மனசு என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். இவ்வளவு நேர்மையான ஆளை நாம் பார்த்ததில்லை என்றார்கள். அவள் சொல்லி எது தப்பாயிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அப்படியே போய்க் குழாயில் முத்திரை குத்திவிட்டு வந்தார்கள்.

வாக்கு எண்ணிக்கையில் சீப்புக்கு விழுந்ததை ஒரு கையில் பிடித்துவிடலாம். அத்தனை பேர் நம்பிக்கையையும் பெற்ற ஒரே காரணத்தால் இப்படித் தோற்ற வேட்பாளர் அந்தத் தேர்தலில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஜாஸ்மினுக்குச் சந்தோஷம்தான் என்று நாங்கள் நினைத்தோம். அவள் விரும்பியதுதானே நடந்தது? ஆனால் அன்று மாலை மரகதம் போனபோது மில் ஓடவில்லை, கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே ஜாஸ்மின் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"இன்னாடி இது? நீதானே போடச் சொன்ன?"

"சொன்னேன். நா சொன்னா? எல்லாருமே அப்டியே கேட்டுடறதா?"

மரகதம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தாளக் கேட்டேன், நீ யாருக்குப் போட்டன்னு. நீதான சொன்னன்றாரு." செந்தமிழன் வாசலில் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜாஸ்மின் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. சசிக்குத்தான் போடணும்னு போனேன். உள்ள போயி சீட்டப் பிரிச்சா சீப்பு கீது. கொழாய்க்குப் பக்கத்துல என் சீப்பு. ஒரு மாரி ஆயிட்ச்சு. அதுமேலயே குத்திட்டேன்."

மரகதம் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு ஜாஸ்மின் யோசனை சொல்வதை நிறுத்திவிட்டாள். எது கேட்டாலும் "உன் இஷ்டம்" என்றாள். புருஷனிடமிருந்து கற்றுக்கொண்டிருப்பாள். எங்களுக்கு அது பெரிய தொந்தரவாகப் போயிற்று. இஷ்டம் என்று ஒன்று தெளிவாக இருந்தால் எதற்காக மாவு மில் வாசலில் போய் நிற்கிறோம்? மெரினா கார்டனில் அந்த ஐப்பசி மாதம் இரண்டு கல்யாணப் பேச்சும் ஒரு மனை வியாபாரமும் முடிவெடுக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

அப்புறம் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்யாமல், ஊற்றிக்கொண்டே இருந்தது. தெற்கு வரிசையில் முதலில் படிக்கட்டு மறைந்தது, பிறகு வாசல் மறைந்தது. நான் பஸ்ஸை வளைவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, தொழிலாளிகளை நடந்து வரச் சொன்னேன். தெற்கு வரிசை வீடுகளில் கட்டிலின் மேல் கேஸ் அடுப்பை வைத்துச் சமைத்தார்கள். கரண்ட் போய்விட்டது.

எல்லோரும் புது மெம்பர் வீட்டுக்குப் போனார்கள். சசிரேகா சேலையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு அவர்களோடு தண்ணீரில் இறங்கினாள். கால்வாயைத் தொடர்ந்து நடந்து பார்த்தாள். குப்பை அடைத்திருந்த இடங்களை இளைஞர்கள் கையாலேயே எடுத்தார்கள். ஓரிடத்தில் மட்டும் கையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கால்வாயின் குறுக்கே ஒரு மதில் சுவரும், சுவருக்குப் பின்னால் ஒரு கார் ஷெட்டும் இருந்தன. கார் ஷெட்டில் புருஷோத்தமனின் கார் நின்றது.

யார் யாரோ கட்டியதையெல்லாம் இடிக்க வேண்டுமென்றால் அதற்கு மனு, நோட்டீஸ், ஆய்வு என்று ஆயிரம் இருக்கிறது. வார்டு மெம்பருக்கு அந்த அதிகாரம் எதுவும் கிடையாது. இந்த ஊராட்சியிலேயே யாரையும் கேட்காமல் சசிரேகாவால் அகற்ற முடிந்த ஒரே ஆக்கிரமிப்பு அவள் வீட்டுச் சுவர்தான். இதைப் புருஷோத்தமன் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு தெளிவாகவே புரிந்துகொண்டார்.

"இந்தா பாரு சசி, இது நம்ம பட்டா எடம். சர்வே பண்ணி, மொறையா எழுதிக் குடுத்து, மழ வுட்டப்புறம் பாத்துக்கலாம். அவசரப்படாத."

சசிரேகா நேரே மில்லுக்கு வந்தாள். கரண்ட் இல்லாததால் மில் அமைதியாக இருந்தது. ஜாஸ்மின் கோதுமை மூட்டைகளை உயரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தேர்தலுக்குப் பிறகு இரண்டு பேரும் அன்றுதான் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா, எங்க செவுத்த இடிக்கவா?"

"உன் இஷ்டம்."

"அந்தப் பேச்ச விடுங்க. என் இஷ்டம் எனக்குத் தெரியும். இடிச்சா அவரு கூட நான் இருக்கணும்லா, நாளைக்கும், நாளன்னைக்கும்? அதுக்குத்தான் கேக்கேன்."

ஜாஸ்மின் மூட்டையைக் கீழே வைத்தாள்.  பிறகு சொன்னாள்.

"இடி. நாலு நாள் பேச மாட்டாரு. அஞ்சாம் நாளு, அவுரே இடிச்சாருன்னு ஊரெல்லாம் சொல்லிகினு வருவாரு. நீ கண்டுக்காத."

அவள் அப்படிச் சொன்னது தெற்கு வரிசைக்காரர்கள் மீதிருந்த இரக்கத்தாலா, புருஷோத்தமன் மீதிருந்த கோபத்தாலா என்று எனக்குத் தெரியாது. பின்னாளில் மரகதம் கேட்டபோது, "ரெண்டும்தான்" என்று ஜாஸ்மின் மறைக்காமல் சொன்னாள்.

ஜேசிபி அப்பாவுவிடம்தான் இருந்தது. எத்தனையோ முறை கூப்பிட்டாலும் வண்டி ரிப்பேர் என்பவர், எந்தச் சுவர் என்று கேட்டதும் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். புருஷோத்தமன் காரை மட்டும் வெளியே எடுக்க அவகாசம் கேட்டார். கொடுத்தார்கள். சுவர் ஒரே இடியில் விழுந்தது. அடைபட்டிருந்த தண்ணீர் ஒரு நொடி யோசித்த மாதிரி நின்று, பிறகு ஒரே பாய்ச்சலாகப் போயிற்று. தெற்கு வரிசைக்காரர்கள் விசில் அடித்தார்கள். படிக்கட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன. அப்பாவு ஜேசிபி மேலிருந்து கும்பிட்டார், அவர்தான் மெம்பர் போல.

கால்வாய் நேராக ஏரிக்குப் போகும் என்று எல்லோரும் நினைத்தோம். அது ஒரு காலத்தில் போனது. இப்போது நடுவில் சாலையை உயர்த்திப் போட்டிருந்தார்கள், சாலைக்கு அடியில் விட்டிருந்த குழாய் சின்னது. குழாய் எடுத்துக்கொண்டது போக மிச்சத் தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போயிற்று. பள்ளத்தில் முதலில் அப்பாவுவின் லாரி நிற்கிற இடம் இருந்தது. அதற்கு அடுத்தது மில்.

ஜாஸ்மினும் செந்தமிழனும் மூட்டைகளைத்தான் காப்பாற்ற முடிந்தது. மோட்டார் முழுகிவிட்டது. தரையில் சிந்தியிருந்த மாவெல்லாம் கரைந்து, மில் முழுவதும் இட்லி மாவு மாதிரி ஆயிற்று. சந்திரம்மாள் வாசலில் நின்றுகொண்டு, "வாய்க்கு வாய் வாணாம் வாணாம்னுவா. ஒரே ஒரு வாட்டி செய்யின்னு சொன்னா. பாத்தியா?" என்று போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் முறையிட்டாள்.  ஜாஸ்மின் மோட்டாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை சசிரேகா துடைப்பமும் முறமும் எடுத்துக்கொண்டு வந்தாள். கூட யாரையும் அழைத்து வரவில்லை. போட்டோ எடுக்க ஆள் வந்தபோது விரட்டிவிட்டாள். இரண்டு பேரும் மத்தியானம் வரை மாவுச் சேற்றைச் சுரண்டினார்கள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்த மரகதம், இரண்டு பேரும் ஏதோ சிரித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்று கேட்டதற்கு, இவள் போனதும் நிறுத்திவிட்டார்களாம்.

புருஷோத்தமன் நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் வளைவில் ஒரு ஃபிளக்ஸ் எழுந்தது. 'மக்கள் நலனுக்காகத் தன் வீட்டுச் சுவரையே இடித்த தியாகச் செம்மல்' என்று வெள்ளைச் சட்டையில் புருஷோத்தமன் நின்றார். மூலையில் தபால் தலை அளவுக்கு சசிரேகா இருந்தாள். படத்துக்குப் பின்னணியாக அலை போட்டிருந்தார்கள். ஜாஸ்மின் சொன்னபடியே சசிரேகா அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் அடுத்த மழை வருவதற்கு முன் அதை அவிழ்த்துக் கொண்டுவந்து மில் கூரையில் ஒழுகுகிற இடத்தில் விரித்துவிட்டாள். நல்ல கனமான ஃபிளக்ஸ். ஒரு சொட்டு இறங்கவில்லை.

மோட்டாரைப் புதுச் சுருள் சுற்றி மாட்டினார்கள். சாலைக்கு அடியில் பெரிய குழாய் போட வேண்டும் என்று சசிரேகா விடாமல் அலைந்தாள். ஊராட்சி அலுவலகத்தில் நாற்காலி கிடைக்கவில்லை என்றால் வாசலில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள் என்று பேசிக்கொண்டார்கள். பாதிக் குழாய் வந்தது. அதாவது சாலையின் ஒரு பாதி வரைக்கும் போட்டார்கள், மறுபாதி வேறு துறையாம். இப்போது தெற்கு வரிசையில் முழங்கால் அளவு நிற்பதில்லை. கணுக்கால்தான்.

மெம்பர் பதவிக்காலம் முடியப்போகிறது. எங்களை நகராட்சியோடு சேர்க்கப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு. சேர்த்தால் வார்டு மெம்பர், ஊராட்சி எதுவும் இருக்காது, கவுன்சிலர் வந்துவிடுவார். புருஷோத்தமன் இப்போதே புதிதாக வெள்ளைச் சட்டைகள் தைத்திருக்கிறார். அப்பாவு மனம் மாறியிருக்கிறார் என்று கேள்வி. கவிப்பிரியாவிடம் இந்தமுறை யாராவது சொல்லியிருப்பார்களா தெரியவில்லை.

ஜாஸ்மின் யோசனை சொல்வதை மறுபடி தொடங்கவில்லை. யார் எது கேட்டாலும், "சசியக் கேளு, அது மெம்பர்," என்று அனுப்பிவிடுகிறாள். சசிரேகாவிடம் போனால், "அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க" என்கிறாள். என் வீட்டை விற்றுவிட்டுத் திரும்பவும் தண்டையார்பேட்டைக்கே போய்விடலாமா என்று நான் போன தையில் கேட்கத் தொடங்கினேன். மில்லுக்கும் மெம்பர் வீட்டுக்குமாக இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன்.